நாற்பத்தெட்டு மணி நேரம்

ஜூலை 28, திங்கள்

மேல்தொட்டி கழுவ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. நானே ஏறிக் கழுவினேன். இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு.

பதினொரு மணிக்கு வெயிலுமுத்து சார் கூப்பிட்டார். எங்கள் மையத்தின் தலைவர். சவ்வுத் திட்டம் அவருடையது. அதில் சவ்வு செய்கிற ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தாவைப் பற்றிப் பேசினார். பதினோரு மாதம், முப்பத்து நாலு தடவை, ஒன்றுகூடத் தேறவில்லை. ஆகஸ்ட் 29 அன்று ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் தேறாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள்.

"அந்தப் பொண்ணுக்குக் கை சரியில்லன்னுதான் எனக்குப் படுது, ஆவுடையப்பன். நீரு கூட நின்னு பாரும். பாத்து எழுதிக் குடும்" என்றார். சரி சார் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மனைவி பிரமு என்றைக்காவது இதை எடுத்துப் படித்தால் புரியட்டும் என்பதற்காக, வருகிற விருந்தாளிகளிடம் ஒப்பிப்பதை இங்கேயும் எழுதுகிறேன். தூத்துக்குடியில் மலைமலையாகக் குவிகிற இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று ஒரு பொருள் எடுக்கிறோம். அதைக் கரைத்துத் தட்டில் ஊற்றினால் மெல்லிய சவ்வாகும். புண்ணின் மேல் போட நல்லது, ஆனால் காற்று போகாது, நீர் உறிஞ்சாது. அதனால் அதைக் கனமான எஃகுப் பாத்திரத்தில் வைத்து மூடி, கார்பன் டை ஆக்சைடைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலே ஏற்றி, பிறகு மெல்ல மெல்ல வெளியே விடுகிறோம். உள்ளே நுழைந்த வாயு வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகும். சவ்வு வெள்ளையாக, மெத்தென்று ஆகிவிடும். அந்தப் பாத்திரத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் குக்கர் என்று பெயர்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்படிப் பதினைந்து சவ்வு நான் செய்தேன். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. சீனியர் டெக்னிக்கல் ஆபீசர் ஆனதும் அதனால்தான். காப்புரிமைக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது. அதே செய்முறையில்தான் ஜெசிந்தாவுக்கு ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

காலை ஒன்பதிலிருந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று வயது. எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், கிடைக்கவில்லை. கரைசலை வடிகட்டுகிறாள், குமிழி போகக் காத்திருக்கிறாள், தட்டு சமமாக இருக்கிறதா என்று மட்டம் பார்க்கிறாள். ஒவ்வொன்றையும் செய்த உடனே, மணி பார்த்து நோட்டில் எழுதுகிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக, "எல்லாம் கைப்பக்குவம்தாம்மா. கைச்சூடு படக் கூடாது" என்று ஏதோ சொல்லிவைத்தேன். எனக்கே அர்த்தம் தெரியாத பேச்சு. அவள் அதையும் மணி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 31, வியாழன்

சவ்வைத் தொடுவதற்கு முன்னால் ஜெசிந்தா ஐஸ் தண்ணீரில் கையை முக்கி எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். நீங்கதானே சார் சொன்னீங்க என்றாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

மூன்றரைக்குக் குக்கரைத் திறந்தாள். முப்பத்தைந்தாவது தடவை. சவ்வு பிளாஸ்டிக் தாள் மாதிரி விறைப்பாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு அப்படியே உருண்டு ஓடிப்போனது. அவள் தட்டுகளைக் கழுவப் போனாள். நான் டீ குடிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 2, சனி

மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஜாடியில் ஒன்றுமில்லையாம், மோட்டார்தானாம்.

பிரமு மத்தியானம் டியூட்டி முடிந்து வந்தாள். கட்டுப் போடுகிற வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் அவள். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர், சர்க்கரைப் புண், உள்ளங்கால். காய்ந்து ஒட்டிப்போன துணியை உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உரித்திருக்கிறாள், அப்படியும் புதுத் தோல் கூடவே பிய்ந்து வந்துவிட்டதாம். "அந்த மனுசன் கத்தக்கூட இல்லங்க. பக்கத்துல நின்ன பொண்டாட்டி சேலை முந்தானைய மட்டும் பிடிச்சுக்கிட்டாரு. ஒங்க எறா தோலு எப்பதான் வரும்?" என்றாள்.

ஒரு பெண்ணுக்குக் கை சரியில்லை, அவளால்தான் தள்ளிப்போகிறது என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா கோயில் திருவிழா, உள்ளூர் விடுமுறை. ஆபீஸில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், பழைய படிவங்களில் அழுத்தக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம் என்று போனேன். அலமாரியைத் திறந்து கோப்பைக் கையில் எடுத்தேன். கதவுச் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா வந்து நின்றாள். பட்டுச் சேலை, தலையில் பூ. திருவிழா நாளில் என்னம்மா இங்கே என்று கேட்டேன்.

"நாப்பத்தெட்டு மணி நேரம் பத்தேகாலுக்கு முடியுது சார். பூசையில பாதியில எந்திச்சு வந்தேன். சவ்வ எடுத்து வச்சிட்டு ஓடிருவேன். அவுக வெளியில பைக்குல நிக்காவ."

ஈரச் சவ்வைக் கண்ணாடிச் சட்டியில் வைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் உலர்த்திவிட்டுத்தான் குக்கரில் ஏற்ற வேண்டும் என்பது கட்டுரையில் இருக்கிற செய்முறை. சட்டிக்கு அடியில் ஈரத்தை இழுக்கிற சிலிக்கா மணிகள் இருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு. அவள் மணிகளைக் குனிந்து பார்த்தாள், சவ்வுகளை எடுத்து உறையிலிட்டாள், 10.15 என்று மணி எழுதினாள், போய்விட்டாள்.

கோப்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கோப்பைப் பார்க்கவில்லை. வேலை இருந்தது. கேஸ் சிலிண்டர் மூன்று வந்து இறங்கின.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

அந்தப் பதினைந்து சவ்வுக்கும் நான் எழுதிய மூன்று படிவங்கள். ஒவ்வொன்றிலும் ‘உலர்த்தல் 48 மணி’ என்ற வரிக்கு எதிரே ஒரு டிக், அதன் வால் கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கிறது. மூன்றிலும் ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறது. மூன்றிலும் என் கையெழுத்து ஒரே அளவு, ஒரே சாய்வு. நான் அந்தக் காலத்தில் படிவத்தை வெறுமையாக ஜெராக்ஸ் எடுக்கவில்லை. ஒருமுறை ஒழுங்காக நிரப்பி, டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு, அந்தத் தாளையே நூறு பிரதி எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். மாறாத வரிகளை ஏன் தினமும் எழுத வேண்டும் என்று எண்ணம். அழுத்தம், வெப்பம், நேரம் இவற்றை மட்டும் அன்றன்றைக்கு எழுதுவேன். இது எனக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று படிவத்திலும் ஒரே தேதி. ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை. அதற்கடுத்த செவ்வாய் ஊரில் எங்கள் சாஸ்தா கோயில் கொடைத் திருவிழா. வரி பிரிக்கிற பொறுப்பு எனக்கு, ஞாயிறே ஊரில் இருந்தாக வேண்டும். வெள்ளி சாயங்காலம்தான் சவ்வைத் தட்டிலிருந்து உரித்தேன். ஞாயிறு சாயங்காலம்வரை உலர்த்த வேண்டியதை, சனி காலையிலேயே ஏற்றினேன். தொட்டால் விரலில் குளிர்ச்சி தெரிந்தது. இப்போது எழுதும்போது அந்தக் குளிர்ச்சிகூட ஞாபகம் வருகிறது. காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று தடவை ஓட்டி, எடுத்ததைச் சரியாகப் பார்க்காமலே உறையில் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

அதற்கு முன்னால் எட்டு மாதம் எனக்கும் ஒன்றும் தேறவில்லை. அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கொடை முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது பதினைந்தும் வெள்ளையாக இருந்தன. ‘ஆவுடையப்பனுக்குக் கை கூடிவிட்டது’ என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

மிக்ஸி வந்துவிட்டது. இப்போது சத்தம் அதிகம்.

நன்றாக யோசித்துப் பார்த்தால், ஈரம் ஒரு காரணமாகவே இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிலிண்டர் நல்ல சிலிண்டராக இருந்திருக்கலாம். ஒரு டிக் என்பது என்ன பெரிய விஷயம்? யாரும் யாரையும் கொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெசிந்தா மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக அரைநாள் லீவு. காலையில் அவள் சவ்வுகளை உரித்து ஓரம் வெட்டிய துண்டுகள் குப்பைத் தட்டில் ஈரமாகக் கிடந்தன. நாலு துண்டை எடுத்துச் சின்னக் குக்கரில் ஏற்றினேன். நாற்பது டிகிரி. எப்போதும் போடுகிற அழுத்தம். இரண்டு மணி நேரம் வைத்து, மெல்ல விட்டேன்.

திறந்தேன். நாலும் பாலாடை மாதிரி வெள்ளையாக இருந்தன. ஒரு சொட்டு விட்டேன், மேலே நிற்கவே இல்லை, உறிஞ்சிக்கொண்டது. வாயு உலர்ந்த சவ்வுக்குள் நுழைவதில்லை. ஈரம் இருந்தால்தான் வழி கிடைக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பெண் பதினோரு மாதமாக ஐஸில் கை வைக்காத குறையாக... வைத்தே விட்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு அந்த நாலு துண்டையும் பழைய கையுறைகளுக்குள் சுருட்டிக் குப்பையில் போட்டேன். போடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், திருடன் மாதிரி. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சார் அறிக்கை கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றேன். இங்கேயே உட்கார்ந்து எழுதும், எத்தனை வரி ஆகப்போகிறது என்றார். அவர் எதிரே நின்றுகொண்டே இருந்தார். நான் எழுதினேன்.

‘ஆய்வாளர் உழைப்பாளி. நேரந்தவறாமை உண்டு. எனினும் செய்நேர்த்தியில் போதிய முதிர்ச்சி காணப்படவில்லை.’

மூன்று வாக்கியம். முதல் இரண்டும் நிஜம். மூன்றாவதை எழுதும்போது கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். ஜெசிந்தா தட்டில் லட்டு கொண்டுவந்து எனக்கு முதலில் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு வழி தோன்றிவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லாத வழி.

ஜெசிந்தா மத்தியானம் புது நீல மணிகளைச் சட்டியின் அடியில் போட்டு, மேலே தட்டில் சவ்வுகளை வைத்து மூடினாள். நோட்டிலும் எழுதிவிட்டாள். ஐந்து மணிக்கு அவள் போன பிறகு நான் சட்டியைத் திறந்து, நீல மணிகளை எடுத்துவிட்டு, குப்பைக்குப் போகவேண்டிய ஈரம் குடித்த சிவப்பு மணிகளைப் போட்டேன். மேலே மட்டும் ஒரு வரிசை நீலத்தைப் பரப்பினேன். சவ்வு ஈரமாகவே இருக்கும். புதன்கிழமை நல்ல சவ்வு வரும். அவள் பதிவு பிழைக்கும். உடனே நான் மணிகளை மாற்றி வைத்துவிடுவேன்.

இது உதவிதான். உதவி இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

வந்துவிட்டது. ஆறு சவ்வும் வெள்ளை. சட்டியைத் திறந்தபோது மேல் வரிசை மணிகள் இன்னும் நீலமாகவே இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஜெசிந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து கண்ணீர் வடிந்தது. பிறகு கணவருக்குப் போன் செய்தாள். கிரேன் மேலே இருந்தாராம், இறங்கி வந்து கூப்பிட்டாராம்.

சார் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். எல்லாம் உம்முடைய மேற்பார்வை என்றார். ஜெசிந்தாவும் எல்லார் முன்னாலும், ஆவுடையப்பன் சார் சொன்ன கைப்பக்குவம் இன்றைக்குத்தான் பிடிபட்டது என்றாள். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். இந்தக் கூத்தில் மணிகளை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தனிமை கிடைக்கவில்லை. பரவாயில்லை, நாளைக் காலை முதல் வேலையாகச் செய்துவிடலாம்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது.

எட்டரைக்கே போனேன். ஜெசிந்தா எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். சட்டியைக் கழுவத் திறந்து வைத்திருந்தாள். மேல் வரிசையும் சேர்ந்து எல்லா மணியும் இளஞ்சிவப்பு. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நோட்டை என்னிடம் காட்டினாள். ‘திங்கள், 12.40, புது சிலிக்கா மாற்றப்பட்டது.’ நான் மாற்றவே இல்லை போலிருக்கிறது சார், மாற்றினதாக நினைத்து எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்றாள். தெரியாமல் நடந்திருக்கும், விட்டுவிடம்மா, சவ்வு நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றேன். அவள் கேட்கவில்லை. நேரே சார் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

இந்தத் தடவையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், செய்முறைப்படி உலர்த்தப்படவில்லை என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். ஒருவேளை ஈரம் இருந்ததால்தான் சவ்வு நன்றாக வந்ததோ, முதலில் வந்த பதினைந்தும் சரியாக உலராமல் இருந்திருக்குமோ என்று. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கதவு திறந்தது, திறந்தது அவள்.

சார் என் பக்கம் திரும்பினார். "என்ன ஆவுடையப்பன், நீரு காயப்போட்டீரா இல்லையா?"

"காயப்போட்டேன் சார்" என்றேன். "நாப்பத்தெட்டு மணி நேரம்."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். அப்போ என் யோசனை தப்புதான் சார் என்றாள். செய்யாததைச் செய்ததாக எழுதுகிற ஆளை நம்பி ஒரு திட்டத்தை நடத்த முடியாது, குழுவிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும் என்று சார் அவளிடம் சொன்னார். அந்த வாக்கியம் முழுவதும் எனக்கு உரியது. அவள் அதை நின்று வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெசிந்தா வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ரேஷன் கடையில் ஒன்றரை மணி நேரம். சீனி இல்லை.

பிரமு துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆபீஸில் ஒருத்தர் என்று ஆரம்பித்தேன். ஒருத்தர் முன்னே ஒரு சின்னத் தப்புச் செய்தார், அது இப்போது இன்னொருத்தர் தலையில் விடிகிறது, சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தவிக்கிறார், பாவம் என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எங்க வார்டுல மருந்த மாத்திப் போட்டுட்டா மொதல்ல டாக்டர்ட்ட சொல்லணும். அழுறது, சாமி கும்புடுறது எல்லாம் பெறவு. ஏன்னா அங்க ஒடம்புல மருந்து ஏறிக்கிட்டே இருக்கும்லா."

கொஞ்சம் கழித்து, "அந்த ஒருத்தரு ரெண்டு வாரமா சரியா சாப்பிடவும் இல்ல" என்றாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாரிடம் சொன்னேன். கொடையையும் ஜெராக்ஸையும் சனிக்கிழமையையும். குப்பையில் போட்ட நாலு துண்டையும் சொன்னேன்.

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று, வேறு ஏதோ குரலில் பேச ஆரம்பித்தார். ஈரம் வாயுவுக்கு வழிவிடுகிறது என்றால் அதுவே புதுக் கண்டுபிடிப்பாம். பழைய கட்டுரையைத் தொடவேண்டாமாம், இது அதன் அடுத்த படி என்று எழுதிவிடலாமாம். இந்தக் கட்டுரையிலும் முதல் பெயர் என்னுடையதாம். ஜெசிந்தாவுக்கு ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்துவிட்டால் அவளும் சந்தோஷப்படுவாள், காரணமெல்லாம் அவளுக்கு எதற்கு என்றார்.

என் மனசு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் மாலை போடுகிறார்கள். சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆய்வகத்தில் ஜெசிந்தா தன் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனேன். கேன்டீனில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். டீ ஆடை கட்டியது.

முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "எப்பத்துல இருந்து தெரியும் சார்?"

நேற்றுத்தான் என்று சொல்லலாம் போலிருந்தது. எட்டாம் தேதி என்றேன்.

"ரிப்போர்ட்டு பதினாலாம் தேதி."

ஆமாம் என்றேன். பிறகு மெதுவாக, அப்படியென்றால் சிலிக்கா என்று ஆரம்பித்தாள். அதை மட்டும் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமலே தப்பிக்கலாம் என்று கடைசிவரை ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல. நான்தாம்மா மாற்றினேன், உனக்கு நல்லது நடக்கட்டும் என்று செய்தேன் என்றேன்.

"சனிக்கிழமை கண் டாக்டர்ட்ட போனேன் சார்" என்றாள். "நீலமும் ரோஸும் எனக்குப் பிரிச்சுத் தெரியுதான்னு பாக்கச் சொன்னேன். தெரியுதுன்னாரு. அப்ப மூளைக்குத்தான் ஏதோன்னு நெனச்சேன். எங்க அம்மைக்கு ஞாபகமறதி உண்டு, எனக்கும் வந்துட்டுன்னு அவுககிட்ட சொல்லி அழுதேன். மூணு நாளா அடுப்ப அணைச்சோமா இல்லையான்னு நாலு மட்டம் போயிப் பாக்கேன். எம் புள்ளைய குளிப்பாட்டப் பயமா இருந்துச்சு."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செய்த தப்புக்கு வெட்கப்படுவது ஒரு மாதிரி. செய்த உதவிக்கு வெட்கப்படுவது அதைவிட மோசம்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. பிரமுவிடம் அந்த ஒருத்தர் நான்தான் என்றேன். தெரியும் என்றாள். கொழுக்கட்டை வைத்தாள், சாப்பிட்டேன்.

மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக இரண்டு பக்கம் கையால் எழுதினேன். சார் சொன்ன ஏற்பாட்டை மட்டும் எழுதவில்லை. அதை அவர் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குழுவில் நாலு பேர், இரண்டு பேர் வெளியூர். ஜெசிந்தாவின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் கையைத் தூக்கினேன். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதியதை நின்றபடியே படித்தேன். சிலிக்கா மணிகள் வருகிற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அந்த வரியை முதலிலிருந்து படித்தேன். வெளியூர்க்காரர்களில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜெசிந்தாவுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு. ஈரம் பற்றிய வேலை முழுக்க அவள் பெயரில். என் அறிக்கை ரத்து. பழைய கட்டுரைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும், காப்புரிமை விண்ணப்பத்தையும் மாற்ற வேண்டும். என்மேல் விசாரணை. அதுவரை சிலிண்டரும் குக்கரும் இயக்குவது மட்டும் என் வேலை, அளவீட்டில் கை வைக்கக் கூடாது. இனிமேல் ஒவ்வொரு படிவத்திலும் செய்தவர் கையெழுத்தோடு, பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

வெளியே வந்ததும் சார் நேரே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வராந்தாவில் ஜெசிந்தாவின் கணவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். என்னை யார் என்று அவருக்குத் தெரியாது. வணக்கம் சார் என்றார்.

செப்டம்பர் 3, புதன்

இன்று ஜெசிந்தா முதல் ஈரச் சவ்வுகளைக் குக்கரில் ஏற்றினாள். நான் காலையிலேயே சிலிண்டரை மாற்றி, கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, தயாராக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். சவ்வை எடைபோட்டாள், ஈரம் எவ்வளவு என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். பார்த்தவர் என்கிற கட்டம் காலியாக இருந்தது. அளவெடுக்கத்தானே கூடாது என்றார்கள், பார்த்ததற்குக் கையெழுத்துப் போடலாம் என்று நான் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தேன்.

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனாள். மூன்று நிமிஷத்தில் நூலகர் இசக்கியப்பன் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்குக் கைட்டோசானும் தெரியாது கற்பூரமும் தெரியாது. நான் என்னம்மா பாக்கணும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"தராசுல என்ன நம்பர் இருக்கு, கடியாரத்துல மணி என்ன, ரெண்டையும் பாத்து அப்படியே எழுதுங்கண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, இரண்டையும் பார்த்து, நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் நன்றி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கேஸத் திறங்க சார்" என்றாள். திறந்தேன்.

குக்கரைத் திறக்கிற நேரத்தில் என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நின்றேன். சவ்வு நன்றாக வந்ததாம். இசக்கியப்பன் அண்ணாச்சிதான் வந்து சொன்னார்.